தளக் கணக்கையும் மடற்குழுவையும் இணைக்கும்போது எது யாருக்குச் சொந்தம்?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். பைத்தானின் வலைச் சட்டகமான ஜாங்கோவில் எழுதிய ஒரு தளம் உங்களிடம் இருக்கிறது, அதில் சில ஆயிரம் பயனர் கணக்குகள். வேறொரு சர்வரில் மெயில்மேன் 3 என்ற மடற்குழு மென்பொருள் ஓடுகிறது, அதில் ஆறேழு மடற்குழுக்கள், அதாவது உறுப்பினர்கள் எல்லாருக்கும் மடல் போகும் மின்னஞ்சல் குழுக்கள். கணக்குத் தொடங்கியவர் தானாகக் குழுவில் சேர வேண்டும்; சுயவிவரப் பக்கத்தில் டிக் போட்டால் சேரவும் எடுத்தால் விலகவும் வேண்டும்; மடற்குழுவுக்கென்று தனிக் கடவுச்சொல் இருக்கக் கூடாது. இதற்கு மெயில்மேனின் தரவுத்தளத்தில் தளத்திலிருந்தே நேராக எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதாதீர்கள். மெயில்மேன் 3-இல் உறுப்பினர் என்பது ஒரு டேபிளில் ஒரு வரி அல்ல. ஆளுக்கு ஒரு வரி, அவருடைய முகவரிகளுக்குத் தனி வரிகள், ஒவ்வொரு சந்தாவுக்கும் ஒரு வரி, போதாததற்கு இந்த மூன்றுக்கும் விருப்பத்தேர்வு வரிகள் வேறு. ஒன்றை விட்டுவிட்டால் அந்த நேரத்தில் எந்தப் பிழையும் வராது. ஒரு மாதம் கழித்து யாரோ ஒருவர் டைஜஸ்டுக்கு (பல மடல்களை ஒரே தொகுப்பாகப் பெறும் முறைக்கு) மாறப் போவார், அப்போது வெடிக்கும். அதோடு, மெயில்மேன் தன் டேபிள் அமைப்பை மேம்படுத்தல்களின்போது அலெம்பிக் என்ற கருவி வழியாக மாற்றிக்கொள்ளும். உங்கள் இன்சர்ட் வரிகளைக் கேட்டுக்கொண்டு மாற்றாது. பழைய மெயில்மேன் 2-இல் இந்த ஆசையே எழ வழியில்லை. குழுவின் மொத்த விவரமும் பைத்தானின் பிக்கிள் வடிவக் கோப்பு ஒன்றுக்குள் கிடக்கும், நாமும் கமாண்ட் வரியில் ஆட்களைச் சேர்க்கும் ஸ்கிரிப்டைக் கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவோம். 2015-இல் வந்த 3.0 முதல் முறையான ரெஸ்ட் ஏபிஐ (வேறு மென்பொருள் வலை வழியாகக் கட்டளையிடும் வாசல்) இருக்கிறது, பைத்தானில் மெயில்மேன்கிளையன்ட் நூலகம் இருக்கிறது. அந்த வாசல் வழியாகவே போங்கள்.

அந்த வாசலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஏபிஐக்கு இருப்பது ஒரே ஒரு நிர்வாகப் பெயரும் கடவுச்சொல்லும்தான். அதை வைத்திருப்பவர் குழுவையே அழிக்கலாம். இயல்பாக அது 8001-ஆம் போர்ட்டில், அதே சர்வருக்குள் இருந்து வரும் அழைப்புகளை மட்டும் கேட்கும். உங்கள் தளம் வேறு சர்வரில் இருப்பதால் "எல்லா முகவரியிலும் கேள்" என்று மாற்றிவிடத் தோன்றும். அதைச் செய்யாமல், இரண்டு சர்வருக்கும் நடுவே ஒரு வயர்கார்டு சுரங்கமோ எஸ்எஸ்ஹெச் சுரங்கமோ (மறையாக்கிய தனிவழி) போட்டுக்கொள்ளுங்கள். மெயில்மேனோடு கூடவே வந்த கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். "ரெஸ்ட்பாஸ்" என்று அப்படியே விட்டுவைத்த சர்வர்களை ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

இனி உண்மையான வேலை. பலரும் இதை "இரண்டு பட்டியலை ஒன்றாக வைத்திருப்பது" என்று எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள், அங்கேதான் சறுக்குகிறது. இது பாகப்பிரிவினை. எந்தத் தகவல் யாருக்குச் சொந்தம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ளாமல் ஒரு வரி கோடும் எழுதாதீர்கள்.

ஆள் யார், அவருடைய சரிபார்த்த முகவரி எது என்பவை தளத்தின் சொத்து. மடல் ஒவ்வொன்றாக வேண்டுமா டைஜஸ்டாக வேண்டுமா, தன் மடலே தனக்குத் திரும்ப வர வேண்டுமா, முகவரி பவுன்ஸ் ஆகிறதா (மடல் சேராமல் திரும்பி வருகிறதா) என்பவை மெயில்மேனின் சொத்து. தளம் அவற்றைக் காட்டலாம், ஆனால் நகல் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. இது வரை சிக்கலில்லை. சந்தா மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஏனென்றால் அதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: இவருக்கு இந்தக் குழுவில் இருக்கத் தகுதி உண்டா என்பது ஒன்று, இவருக்கு இருக்க விருப்பமா என்பது இன்னொன்று. தகுதியைத் தளம் தீர்மானிக்கும். விருப்பத்தை அவர்தான் தீர்மானிப்பார், அதையும் எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் சொல்வார். உங்கள் டிக்கை எடுத்தும் சொல்வார். மடலின் அடியில் உள்ள விலகல் முகவரிக்கு ஒரு வெற்று மடல் அனுப்பியும் சொல்வார். மின்னஞ்சல் செயலி காட்டும் விலகல் பொத்தானை அழுத்தியும் சொல்வார்.

இவற்றை ஒரே பூலியன் (ஆம்/இல்லை) புலத்தில் அடைத்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்திருக்கிறேன். நான் எழுதிய முதல் இணைப்பில் தளத்தில் "குழுவில் உண்டு" என்று ஒரே ஒரு புலம். இரவு ஒரு க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஓடி, தளத்தில் உண்டு, மெயில்மேனில் இல்லை என்றால் சேர்த்துவிடும். ஒருவர் மடல் அனுப்பி விலகினார். அன்றிரவே என் க்ரான் அவரைச் சேர்த்து, வரவேற்பு மடலும் அனுப்பியது. மறுநாள் மறுபடி விலகினார், மறுபடி வரவேற்பு. ஐந்தாம் நாள் அவர் எல்லாருக்கும் போகும்படி குழுவுக்கே எழுதினார்: "ஐயா, என்னை விட்டுவிடுங்கள்." அதற்குக் கீழே இன்னும் மூன்று பேர், "எனக்கும் அப்படித்தான்." அந்த மடலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஆகவே தளத்தின் பக்கம் ஒரு டேபிள் வையுங்கள். கணக்கு எண், குழு, தகுதி, விருப்பம், விருப்பம் எந்த வழியாக எப்போது வந்தது, கடைசியாக மெயில்மேனில் பார்த்த நிலை. இந்தக் கடைசிப் புலத்தைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அது ஏன் தேவை என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒப்பிடும்போது தளம் "வேண்டும்" என்கிறது, மெயில்மேனில் ஆள் இல்லை. இதற்கு இரண்டு விளக்கம் உண்டு. தளத்தில் இப்போதுதான் டிக் போட்டார், தகவல் இன்னும் மெயில்மேனுக்குப் போய்ச் சேரவில்லை. அல்லது முன்பு இருந்தார், மடல் வழியாக விலகிவிட்டார். இரண்டு பக்கத்தையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் எது என்று தெரியாது. கடைசியாகப் பார்த்த நிலை "இருந்தார்" என்றால் அவர் அங்கே விலகியிருக்கிறார், எனவே தளத்தின் விருப்பத்தை "வேண்டாம்" என்று திருத்துங்கள். "இல்லை" என்றால் சேர்க்கும் வேலை பாக்கி, எனவே சேருங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே: தளம் "வேண்டாம்" என்கிறது, மெயில்மேனில் ஆள் இருக்கிறார். முன்பும் இருந்தார் என்றால் நீக்கும் வேலை பாக்கி. முன்பு இல்லை என்றால், அங்கே தானாகச் சேர்ந்திருக்கிறார், தகுதி இருந்தால் அந்த விருப்பத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் இரண்டு கிளைகளை மெர்ஜ் செய்யும்போது பொதுவான பழைய கமிட் (பதிவு) ஒன்றை எடுத்துக்கொள்வார்களே, அதே கணக்குத்தான். இரண்டை வைத்து முடிவு சொல்ல முடியாது, மூன்றாவது வேண்டும்.

ஒரு விதிவிலக்கு மட்டும். தகுதி போய்விட்டால் விருப்பத்தைக் கேட்க வேண்டியதில்லை, நீக்குங்கள். ஆனால் விருப்பத்தை "வேண்டாம்" என்று மாற்றிவிடாதீர்கள். நாளை தகுதி திரும்பக் கிடைத்தால் அவர் பழையபடி வந்து உட்கார வேண்டும்.

மெயில்மேனிலிருந்து மாற்றங்கள் தெரிய என்ன வழி? ப்ளகின் ஒன்று எழுதி, யாராவது சேர்ந்தாலோ விலகினாலோ எழும் நிகழ்வைப் பிடித்து உங்கள் தளத்துக்கு அனுப்பலாம். செய்திருக்கிறேன், இப்போது விட்டுவிட்டேன். ப்ளகின் மெயில்மேனின் செயல்முறைக்குள்ளேயே ஓடுவது. உங்கள் தளம் பதில் சொல்லத் தாமதித்தால் மடல் வேலை காத்திருக்கும். தளம் கீழே கிடந்த நேரத்தில் வந்த நிகழ்வு போனது போனதுதான், அதற்காக எப்படியும் ஒரு முழு ஒப்பீடு எழுத வேண்டியிருக்கும். எழுதத்தான் போகிறோம் என்றால் அதை மட்டும் வைத்துக்கொண்டு, கால் மணிக்கொரு முறை உறுப்பினர் பட்டியலைப் பக்கம் பக்கமாக இழுத்துப் பார்த்தாலே போதும். சில ஆயிரம் பேருக்கு அது ஒரு சுமையே இல்லை. விலகியவரின் டிக் தளத்தில் மறைய பதினைந்து நிமிடம் ஆனால் யாரும் சண்டைக்கு வரப் போவதில்லை.

தளத்திலிருந்து மெயில்மேனுக்குப் போகும் திசையில் வேறொரு பொறி. கணக்குத் தொடங்கும் பக்கத்தைக் கையாளும் ஜாங்கோ வியூவுக்குள்ளேயே மெயில்மேன் ஏபிஐயைக் கூப்பிடாதீர்கள். மெயில்மேன் நின்றிருந்தால் கணக்கே தொடங்க முடியாமல் போகும். அதைவிட மோசம்: ஏபிஐ அழைப்பு வெற்றி பெற்று, பின்னர் உங்கள் ட்ரான்ஸாக்ஷன் (ஒன்றாகவே நிற்கும் அல்லது ஒன்றாகவே ரத்தாகும் தரவுத்தள மாற்றங்கள்) ரோல்பேக் ஆகி ரத்தானால், கணக்கே இல்லாத ஒரு ஆவி குழுவில் உட்கார்ந்திருக்கும். கணக்கை எழுதும் அதே ட்ரான்ஸாக்ஷனில் "இவரைப் பார்க்க வேண்டும்" என்று ஒரு வேலை வரியையும் எழுதுங்கள். பின்னணியில் ஓடும் தனி வொர்க்கர் அதை எடுத்துச் செய்யட்டும். அவுட்பாக்ஸ் என்று சொல்வது இதைத்தான்.

அந்த வரியில் "சேர்", "நீக்கு" என்று கட்டளை எழுத வேண்டாம். கணக்கு எண்ணும் குழுவும் போதும். சிலர் டிக் போட்டு, எடுத்து, மறுபடி போடுவார்கள். மூன்று கட்டளைகள் வரிசையில் நின்று, நடுவில் ஒன்று தோற்று, கடைசியில் மறுமுயற்சியாக வந்தால் ஆள் வெளியே இருப்பார், டிக் உள்ளே இருக்கும். வொர்க்கர் எப்போது எடுத்தாலும் அந்த நொடியில் தளத்தின் விருப்பம் என்ன என்று படித்து, மெயில்மேனை அதற்கு ஒத்துப்போகச் செய்தால் வரிசை குழம்பினாலும் விடை குழம்பாது. எத்தனை முறை ஓடினாலும் பாதகமில்லை.

ஏபிஐ தரும் பதில் எண்களையும் அதற்கேற்பப் படியுங்கள். 201 வந்தால் சேர்ந்தாயிற்று. 409 வந்தால் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறார், அதுவும் வெற்றிதான் (சேரும் கோரிக்கை முன்பே நிலுவையில் இருந்தாலும் இதே எண் வரும்). அதைப் பிழை என்று எண்ணி மறுமுயற்சியில் போட்டால் வொர்க்கர் விடிய விடிய அதையே செய்துகொண்டிருக்கும். நீக்கும்போது வரும் 404-உம் வெற்றிதான். கவனிக்க வேண்டியது 202. அது வந்தால் ஆள் இன்னும் சேரவில்லை, உறுதிப்படுத்தலுக்கோ மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்கோ காத்திருக்கிறார் என்று பொருள்.

202 எதிர்பாராமல் வருகிறதென்றால் பெரும்பாலும் அழைப்போடு அனுப்பும் மூன்று கொடிகளில் (ஆம்/இல்லை குறிகளில்) ஒன்றை விட்டிருப்பீர்கள்: ப்ரீ_வெரிஃபைட், ப்ரீ_கன்ஃபர்ம்டு, ப்ரீ_அப்ரூவ்டு. முதலாவது, இந்த முகவரி இவருடையதுதான் என்று நாங்கள் சரிபார்த்துவிட்டோம் என்பது. இரண்டாவது, சேர விருப்பம் என்று அவரே சொல்லிவிட்டார் என்பது. மூன்றாவது, மட்டுறுத்துநர் பார்க்க வேண்டியதில்லை என்பது. மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு உண்மை என்று அனுப்பும் கோடுதான் எங்கும் நகலெடுக்கப்படுகிறது. முதல் கொடிக்கு உங்கள் தளம் உண்மையிலேயே பொறுப்பேற்க முடியுமா என்று பாருங்கள். சரிபார்ப்பு இணைப்பைச் சொடுக்கும் முன்பே கணக்கை இயங்க விடும் தளமாக இருந்தால், எவர் முகவரியை வேண்டுமானாலும் கொடுத்துக் கணக்குத் தொடங்கி அவர் பெட்டியில் மடல் கொட்டச் செய்யலாம். அதனால் கணக்குத் தொடங்கிய நொடியில் சேர்க்காதீர்கள், முகவரி சரிபார்ப்பு முடிந்த நொடியில் சேருங்கள்.

இன்னொரு சில்லறைப் பொறி, ஆனால் அரை நாளைத் தின்னும். சந்தா சேர்க்கும் அழைப்பில் குழுவின் பெயரை மடல் முகவரியாகக் கேட்பதில்லை. முகவரியில் அட் குறி வரும் இடத்தில் புள்ளி வைத்த லிஸ்ட்-ஐடியைத்தான் கேட்கும். அட் குறியோடு அனுப்பிவிட்டு "அப்படி ஒரு குழு இல்லை" என்ற பதிலை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது முகவரி மாற்றம். சேர்வதும் விலகுவதும் எல்லாரும் சோதித்துப் பார்ப்பார்கள், முகவரி மாற்றத்தைச் சோதிக்க மாட்டார்கள். வழக்கமாக எழுதப்படும் கோடு பழைய முகவரியை நீக்கி, புதியதைச் சேர்க்கும். அப்படிச் செய்தால் அவர் டைஜஸ்டாக வைத்திருந்தது போய்விடும், மட்டுறுத்துநர் அவர்மேல் வைத்திருந்த தடையும் போய்விடும். ஆம், தடை வாங்கியவர் முகவரியை மாற்றினால் புனிதராகிவிடுவார். இதைக் கண்டுபிடித்தவர்கள் பயன்படுத்தாமல் இருப்பதில்லை.

மெயில்மேன் 3 இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. அதில் ஆள் வேறு, முகவரி வேறு. ஓர் ஆளுக்குப் பல முகவரிகள் இருக்கலாம், ஒன்றை முதன்மை முகவரியாக வைக்கலாம். சந்தாவை முகவரியின் பேரிலும் எடுக்கலாம், ஆளின் பேரிலும் எடுக்கலாம். ஆளின் பேரில் எடுத்தால் மடல் எப்போதும் முதன்மை முகவரிக்குப் போகும். எனவே முகவரி மாறும்போது சந்தாவைத் தொடவே வேண்டாம். புதிய முகவரியை அந்த ஆளோடு இணைத்து, சரிபார்த்ததாகக் குறித்து, முதன்மையாக்கினால் எல்லாக் குழுக்களும் ஒரே அடியில் மாறிவிடும். சரிபார்க்காத முகவரியை முதன்மையாக்க மெயில்மேன் மறுக்கும், அதனால் இந்த வரிசையிலேயே செய்யுங்கள். பழைய முகவரியைக் கழற்றி எறிய அவசரப்பட வேண்டாம். கைப்பேசியில் பழைய முகவரியிலேயே அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஆளோடு இணைந்த முகவரி என்றால் மெயில்மேன் அவரை அடையாளம் கண்டுகொள்ளும், இல்லையென்றால் வெளியாளின் மடல் என்று நிறுத்திவைக்கும்.

இதற்கு உங்கள் கணக்கு டேபிளில் ஒரு புலம் வேண்டும்: மெயில்மேன் ஆளுக்குக் கொடுத்திருக்கும் யூயூஐடி என்ற தனி அடையாள எண். முதல்முறை இணைக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். அதன் பிறகு முகவரியை வைத்து ஆளைத் தேடும் கோடு எங்குமே இருக்கக் கூடாது. புதிய முகவரி ஏற்கெனவே மெயில்மேனில் வேறோர் ஆளின் பேரில் இருந்தால் என்ன செய்வது? முன்பு கணக்கில்லாமல் அந்த முகவரியில் சந்தா எடுத்திருப்பார், இது அடிக்கடி நடக்கும். அந்தப் பழைய ஆளை இவருக்குள் கரைத்துவிட ஏபிஐயில் ஒரு கொடி உண்டு. புதிய முகவரியை உங்கள் தளம் சரிபார்த்திருந்தால் மட்டும் அதைப் போடுங்கள்.

முகவரிகளை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடுங்கள். அட் குறிக்கு முன்னால் உள்ள பகுதியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறு வேறு என்று மின்னஞ்சல் அனுப்பும் நெறியான எஸ்எம்டிபியின் விதி இன்றும் சொன்னாலும் அப்படி நடத்தும் சர்வரை நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு மேல் புத்திசாலித்தனம் வேண்டாம். புள்ளிகளை நீக்குவது, கூட்டல் குறிக்குப் பின்னால் உள்ளதை வெட்டுவது எல்லாம் ஜிமெயிலுக்குப் பொருந்தும். வேறிடத்தில் இரண்டு வேறு மனிதர்களை ஒருவராக்கிவிடும்.

அடுத்தது ஒற்றை உள்நுழைவு. மெயில்மேனின் வலைமுகங்களான போஸ்டோரியஸும் (குழு நிர்வாகம்) ஹைப்பர்கிட்டியும் (மடல் ஆவணக்காப்பகம்) ஜாங்கோவில் எழுதியவை. உங்கள் தளமும் ஜாங்கோ என்பதால் மூன்றையும் ஒரே ப்ராஜெக்டில் போட்டு ஒரே பயனர் டேபிளைப் பகிர்ந்துகொள்ளும் யோசனை வரும். முடியும். ஆனால் உங்கள் ஜாங்கோ பதிப்பும் அவை எதிர்பார்க்கும் பதிப்பும் கைகோத்து நடந்தாக வேண்டும், ஒன்றை மேம்படுத்த மற்றது சம்மதிக்க வேண்டும். நான் பிரித்தே வைப்பேன். அவை உள்நுழைவுக்கு ஆல்ஆத் நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. உங்கள் தளத்தை ஓர் ஓப்பன்ஐடி கனெக்ட் வழங்குநராக்கி (உள்நுழைந்தவர் யார் என்று பிற தளங்களுக்குச் சான்று சொல்லும் முறை), அங்கே அதை மட்டும் உள்நுழையும் வழியாக வைத்து, உள்ளூர்ப் பதிவை மூடிவிடுங்கள். தனிக் கடவுச்சொல் என்ற பேச்சே இராது.

இதில் ஒரு இடத்தில் கதவு திறந்து கிடக்கிறது. போஸ்டோரியஸ் தன் ஜாங்கோ பயனரையும் மெயில்மேனின் ஆளையும் மின்னஞ்சல் முகவரியை வைத்துத்தான் பொருத்துகிறது. உங்கள் தளம் சரிபார்க்காத முகவரியைச் சரிபார்த்தது என்று உள்நுழைவுச் சான்றான டோக்கனில் சொல்லி அனுப்பினால், குழு உரிமையாளரின் முகவரியைத் தன் சுயவிவரத்தில் தட்டியவர் உரிமையாளராகவே உள்ளே போய்விடுவார். சரிபார்ப்புப் புலத்தில் உண்மை நிலையை மட்டும் அனுப்புங்கள். முகவரி மாற்றம் நிலுவையில் இருக்கும்போது பழைய முகவரியையே அனுப்புங்கள்.

சாதாரண உறுப்பினர்களுக்குப் போஸ்டோரியஸ் தேவையா என்பதையே யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு வேண்டியது சேர, விலக, டைஜஸ்டாக மாற்ற மூன்று பொத்தான்கள். அவற்றை உங்கள் சுயவிவரப் பக்கத்திலேயே ஏபிஐ வழியாக வைத்துவிடலாம். போஸ்டோரியஸ் மட்டுறுத்துநர்களோடு நிற்கட்டும். ஹைப்பர்கிட்டி மட்டும், உறுப்பினர்களுக்கு மட்டுமேயான ஆவணக்காப்பகம் இருந்தால், எல்லாருக்கும் தேவைப்படும்.

அதே சுயவிவரப் பக்கத்தில் இன்னொன்றையும் காட்டுங்கள், பலர் காட்டுவதில்லை. முகவரி தொடர்ந்து பவுன்ஸ் ஆனால் மெயில்மேன் முதலில் சந்தாவை வைத்துக்கொண்டே அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடும். சந்தாவின் விருப்பத்தேர்வில் "பவுன்ஸால் நிறுத்தப்பட்டது" என்று இருக்கும். தளத்தில் டிக் இருக்கிறது, குழுவிலும் ஆள் இருக்கிறார், மடல் மட்டும் வராது. "மடலே வருவதில்லை" என்று உங்களுக்கு வரும் புகார்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும். பக்கத்தைத் திறக்கும்போது அந்த ஒருவருக்காக ஏபிஐயில் கேட்டு, "உங்கள் முகவரிக்கு அனுப்பியவை திரும்பி வந்தன, இப்போது சரியாகிவிட்டதா?" என்று ஒரு பொத்தான் வைத்தால் தீர்ந்தது.

விலகல் இணைப்பை நீங்களே கட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் இந்தப் பத்தி. மடல் தலைப்பில் விலகல் வழியைச் சொல்லும் முறை 1998-இலேயே இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 2369 ஆக வந்துவிட்டது. ஒரே சொடுக்கில் விலகும் முறை 2017-இல் ஆர்எஃப்சி 8058. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோரிடம் இதைக் கேட்கின்றன. ஜிமெயிலின் கணக்கில் மொத்தமாக அனுப்புவோர் என்றால் ஒரு நாளைக்குத் தன் பயனர்களுக்கு 5,000 மடலோ அதற்கு மேலோ அனுப்புவோர். இந்த இணைப்பு உள்நுழைவைக் கேட்கக் கூடாது, போஸ்ட் (தகவல் அனுப்பும்) கோரிக்கைக்கு மட்டுமே விலக்க வேண்டும். கெட் (பக்கத்தைத் திறக்கும்) கோரிக்கைக்கே விலக்கினால், மடலில் உள்ள இணைப்புகளையெல்லாம் திறந்து பார்க்கும் வைரஸ் வடிகட்டிகள் உங்கள் உறுப்பினர்களை வரிசையாக வெளியேற்றிவிடும். உரையாடல் குழுக்களில் இன்னொரு வேடிக்கை: ஆளுக்கொரு டோக்கன் வைத்த விலகல் இணைப்பை மடலின் அடியில் போட்டால், அவர் பதில் எழுதும்போது அதுவும் மேற்கோளோடு குழுவுக்குப் போகும். யாரோ ஒருவர் அதைத் தன்னுடையது என்று நினைத்துச் சொடுக்குவார், விலகுவது மற்றவர். ஆள்சார்ந்த இணைப்பு தலைப்பில் இருக்கட்டும். அடியில் சுயவிவரப் பக்கத்தின் முகவரி மட்டும் போதும்.

தளம் மடல்களைப் படித்து "இதை எழுதியவர் இந்தக் கணக்கு" என்று காட்டுகிறதென்றால் அனுப்புநர் வரியை அப்படியே நம்பாதீர்கள். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் கொள்கையை (தன் பெயரில் போலியாக வரும் மடலை என்ன செய்வது என்று பிற சர்வர்களுக்குச் சொல்வது) நிராகரிப்புக்கு மாற்றிய பிறகு, மடற்குழு மென்பொருள்கள் பல அனுப்புநர் முகவரியைக் குழுவின் முகவரியாக மாற்றி அனுப்பப் பழகிவிட்டன. இல்லாவிட்டால் மடல் பலருக்குப் போய்ச் சேராது. மெயில்மேன் அப்படி மாற்றும்போது எழுதியவரின் முகவரியை வேறு தலைப்புக்கு நகர்த்திவிடும். அதைப் பார்க்காத கோடு எல்லா மடலையும் ஒரே ஆள் எழுதியதாகக் காட்டும்.

இந்த ஒப்பீடு எப்படித் தவறிப்போகும் என்பதைச் சொல்லாமல் விட்டால் என் மனம் கேட்காது. முன்பு ஒரு இடத்தில் என் ஸ்கிரிப்ட் தளத்தின் ரெப்ளிகா (நகல்) தரவுத்தளத்திலிருந்து தகுதிப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தது. ஓர் இரவு அந்த ரெப்ளிகாவைப் புதிதாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டேபிள் இருந்தது, வரிகள் இல்லை. குவெரி பிழையில்லாமல் ஓடி, பூஜ்ஜியம் பேர் என்று பதில் தந்தது. ஸ்கிரிப்ட் மிகவும் ஒழுங்காக, அகர வரிசையில், ஒவ்வொருவராக நீக்கியது. விடைபெறும் மடலையும் ஒவ்வொருவருக்கும் அனுப்பியது. காலையில் எழுந்து பார்த்தபோது குழுவில் மிஞ்சியது ஒரு பழைய சோதனை முகவரி. பேக்கப்பிலிருந்து ஆட்களைத் திருப்பிவிட்டோம், ஆனால் "என்னை ஏன் நீக்கினீர்கள்?" என்று கேட்டு வந்த மடல்களுக்கு ஒரு வாரம் பதில் எழுதினேன்.

அன்றிலிருந்து ஒப்பீட்டை இரண்டாக வெட்டி வைத்திருக்கிறேன். முதல் பாதி என்ன செய்யப் போகிறது என்ற பட்டியலை மட்டும் தயாரிக்கும். இரண்டாம் பாதி அதை எடுத்துச் செய்யும் முன் எண்ணிப் பார்க்கும். நீக்க வேண்டியவர்கள் குழுவின் 2 சதவீதத்தைத் தாண்டினால் எதையும் தொடாமல் நின்று எனக்கு மடல் அனுப்பும். அந்த 2 என் கைக்கணக்கு, உங்கள் குழுவின் போக்குவரத்தைப் பார்த்து வேறு வையுங்கள். சேர்ப்பதற்கும் ஒரு வரம்பு வையுங்கள், ஆனால் தாராளமாக. எல்லாரையும் காலி செய்துவிட்டுப் புதிதாக நிரப்பும் ஒப்பீட்டை எந்தக் காரணத்துக்காகவும் எழுதாதீர்கள், டைஜஸ்டும் தடைகளும் பவுன்ஸ் கணக்கும் அதோடு போய்விடும்.

இவ்வளவும் வேண்டுமா என்று மலைத்தால் இரண்டு மாற்று. உங்கள் ஆறேழு குழுக்களில் வெறும் அறிவிப்புக்கானவை, அதாவது யாரும் பதில் எழுதாதவை, எத்தனை? அவற்றுக்கு மடற்குழு மென்பொருளே வேண்டாம், தளத்திலிருந்தே அனுப்பிவிடுங்கள், இணைக்கும் வேலையும் இல்லை. மெயில்மேனைத்தான் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் சிம்பா என்ற மடற்குழு மென்பொருளைப் பாருங்கள். பெர்லில் எழுதியது, முகம் சற்றுப் பழையது, ஆனால் இந்த வேலைக்கென்றே பிறந்தது போல ஒன்றை வைத்திருக்கிறது: உங்கள் தரவுத்தளத்தில் ஓட்ட வேண்டிய எஸ்க்யூஎல் குவெரியைக் குழு அமைப்பிலேயே எழுதிவிடலாம், உறுப்பினர்களை அதுவே இழுத்துக்கொள்ளும். அப்படி வந்தவர் தானாக விலகினால் அவரைத் தனி விலக்குப் பட்டியலில் போட்டு, அடுத்த முறை குவெரியில் வந்தாலும் சேர்க்காது. மேலே நான் பல பத்திகளில் சொன்ன தகுதியும் விருப்பமும் அங்கே இரண்டு டேபிள்களாகத் தயாராக இருக்கின்றன. சிம்பாவுக்குப் படிக்கும் உரிமை மட்டுமுள்ள தரவுத்தளப் பயனரைக் கொடுங்கள், அதுவும் அந்தக் குவெரி தொடும் தகவலுக்கு மட்டும்.

மெயில்மேனோடுதான் போகிறீர்கள் என்றால், தொடங்கும் நாளில் குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களைக் கணக்குகளோடு பொருத்த வேண்டியிருக்கும். சரிபார்த்த முகவரி அப்படியே ஒத்துப்போகிறவர்களை மட்டும் பொருத்துங்கள், பெயரைப் பார்த்து ஊகிக்காதீர்கள். அவர்களின் விருப்பத்தை "வேண்டும்" என்றும் கடைசியாகப் பார்த்த நிலையை "இருந்தார்" என்றும் பதிந்துகொண்டு, வரவேற்பு மடலை அணைத்துவிட்டு, முதல் ஒரு வாரம் ஒப்பீட்டைப் பட்டியல் மட்டும் தரும்படி ஓட விடுங்கள். பொருந்தாமல் நிற்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்: கணக்கே தொடங்காத பழைய உறுப்பினர்கள், வேறு முகவரியில் கணக்கு வைத்திருப்பவர்கள். அவர்களை ஒப்பீட்டின் கண்ணுக்கே தெரியாதபடி தனியாகக் குறித்து வையுங்கள். குழுவுக்கு ஒரு மடல் எழுதி, சுயவிவரத்தில் இந்த முகவரியையும் சேர்த்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சிலர் செய்வார்கள், சிலர் செய்ய மாட்டார்கள். செய்யாதவர்கள் உங்கள் தளம் வருவதற்கு முன்பிருந்தே அந்தக் குழுவில் எழுதிக்கொண்டிருப்பவர்கள், அவர்கள் அப்படியே இருக்கட்டும்.